அம்மா வயித்துல ஒரு வலை

எங்க வீட்டு பீரோவுல, பட்டுப்புடவை அடுக்குக்குக் கீழ ஒரு பச்சை ஃபைல் இருக்கு. ரேஷன் கார்டு ஜெராக்ஸ், என் பர்த் சர்டிஃபிகேட், அப்பாவோட எல்.ஐ.சி. பத்திரம், அதுங்களோட அம்மாவோட 2011 ஆபரேஷன் டிஸ்சார்ஜ் சம்மரி. அதோட ரெண்டாவது பக்கத்துல 'டென்ஸ் அட்ஹீஷன்ஸ் நோட்டட்' என்று ஒரு வரி. அந்த வரியைப் பதிமூன்று வருஷம் எங்க வீட்டுல யாரும் படிக்கவில்லை. அப்பா வேன் ஓட்டுறார், அம்மா ப்ளஸ் டூ வரைக்கும் தமிழ் மீடியம். நான் எல்.கே.ஜி.யிலிருந்து இங்கிலீஷ் மீடியம். அந்த ஃபைலை எடுத்து எத்தனையோ தடவை என் சர்டிஃபிகேட்டை மட்டும் உருவியிருக்கேன்.

வரி ஞாபகத்துக்கு வந்தது ஒரு ராத்திரி. அம்மாவுக்கு வயிறு வீங்கிக் கல்லு மாதிரி ஆகிவிட்டது. அலை அலையா வலி. பச்சையா வாந்தி. காலையிலிருந்து காற்றுகூடப் பிரியவில்லை. செம்மண்டலத்துலேர்ந்து ஆட்டோ பிடிச்சுக் கிளம்பினோம். எந்த ஆஸ்பத்திரி என்பது இங்கே வேண்டாம். கேஷுவால்ட்டி டாக்டர் வயித்துல இருந்த தழும்பைப் பார்த்துட்டுக் கேட்ட முதல் கேள்வி, "ஏற்கெனவே எத்தனை ஆபரேஷன்?"

ரெண்டு. 2004ல் நான் பிறந்த சிசேரியன், குறுக்கு வெட்டு. 2011 நவம்பரில் சினைப்பைக் கட்டி, தொப்புளுக்குக் கீழ நேர் வெட்டு. ரெண்டும் சேர்ந்து இங்கிலீஷ் 'டி' எழுத்தைத் தலைகீழா எழுதின மாதிரி இருக்கும். "அப்ப குடல் ஒட்டிக்கிட்டிருக்கும்" என்றார். பழைய பேப்பர் இருக்கா என்று கேட்டார். அப்பா விடியற்காலையில வீட்டுக்குப் போய் அந்த ஃபைலைக் கொண்டு வந்தார். நான் படிச்சேன். அங்கேயே இருந்திருக்கு, தெளிவா, டைப் அடிச்சு. 2011லேயே, சிசேரியன் நடந்த இடத்தில் குடலும் கொழுப்புச் சவ்வும் வயிற்றுச் சுவரோடு ஒட்டிக்கொண்டிருந்ததைப் பார்த்து, பிரிச்சு விட்டிருக்காங்க. எங்களிடம் யாரும் வாய் திறந்து சொல்லவில்லை. எழுதிக் கொடுத்துட்டா சொன்ன மாதிரி என்று நினைச்சிருக்கலாம்.

மூக்கு வழியா டியூப், கையில ட்ரிப்ஸ், வாய்க்குத் தண்ணிகூடக் கிடையாது. ரெண்டரை நாள். டியூட்டிக்கு வர்ற ஒவ்வொரு நர்ஸும் கேட்ட ஒரே கேள்வி, "காத்து பிரிஞ்சுதாம்மா?" மூணாவது நாள் சாயங்காலம் பிரிந்தது. பக்கத்துப் பெட் பாட்டி கையைத் தட்டினாங்க. என் செமஸ்டர் ரிசல்ட்டுக்குக்கூட யாரும் அப்படிச் சந்தோஷப்பட்டதில்லை.

குடல் எப்படி ஒட்டும்? எனக்குப் புரிய வைத்தது ஒரு டாக்டர் இல்லை, அம்மாதான். டாக்டர் சொன்னதை எல்லாம் கேட்டுட்டு, "கஞ்சி போட்ட புடவை மாதிரிடி" என்றாங்க. ரெண்டு காட்டன் புடவையைக் கஞ்சியில நனைச்சு ஒண்ணு மேல ஒண்ணு போட்டு மறந்துட்டீங்கன்னா, காய்ஞ்ச பிறகு பிரிக்கும்போது கிழியும். ஈரமா இருக்கும்போதே உதறிப் போட்டா ஒட்டவே ஒட்டாது.

நான் பிறகு உட்கார்ந்து படிச்சதில் இதுக்கு மேல ஒரு உவமை கிடைக்கவில்லை. வயிற்றுக்குள்ள எல்லா உறுப்பு மேலயும், சுவர் மேலயும் பெரிட்டோனியம் என்று ஒரு வழவழப்பான உறை இருக்கு. மேல்பக்கம் ஒரே ஒரு செல் தடிமன். பரப்பளவு கிட்டத்தட்ட நம்ம தோலோட மொத்தப் பரப்பு அளவுக்கு வரும். அது எங்கே கீறினாலும், காய்ந்தாலும், நசுங்கினாலும், ரத்தத்திலிருந்து ஃபைப்ரின் என்ற பசை கசியும். அதுதான் கஞ்சி. நல்லா இருக்கிற உறைச் செல்கள் அந்தப் பசையைக் கரைக்கும் நொதியைத் தாங்களே சுரக்கும். சில நாளில் கரைச்சு முடிச்சுட்டா ஒன்றும் இல்லை. அடிபட்டு, ரத்த ஓட்டம் குறைஞ்ச இடத்தில் அந்தச் சுரப்பு மந்தமாகிடும். பசை நிற்கும். ஒரு வாரத்துக்குள்ள அதில் வேறு செல்கள் குடியேறி கொலாஜன் நூலை நெய்ய ஆரம்பிக்கும். அப்புறம் அது பசை இல்லை, கயிறு. குடல் அந்தக் கயிற்றுக்குக் கீழ மாட்டி மடங்கினால், அம்மாவுக்கு வந்தது வரும்.

எவ்வளவு பேருக்கு? ஸ்காட்லாந்தில் 1986ல் வயிற்றையோ அடிவயிற்றையோ திறந்து ஆபரேஷன் செய்துகொண்ட 29,790 பேரைப் பத்து வருஷம் தொடர்ந்து பார்த்து, 1999ல் லான்செட் இதழில் எழுதியிருக்காங்க. ஒட்டுதலாலயோ, ஒட்டுதலா இருக்கலாம் என்ற சந்தேகத்தாலயோ, ஒட்டுதலால் சிக்கலாகக்கூடிய இன்னொரு ஆபரேஷனுக்காகவோ திரும்ப ஆஸ்பத்திரிக்கு வந்தவங்க 34.6 சதவீதம். சராசரியா ஆளுக்கு ரெண்டு தடவைக்கு மேல. மூன்றில் ஒருத்தர்! இதைப் படிச்ச அன்னிக்கு, ஆபரேஷனுக்கு முன்னாடி கையெழுத்து வாங்குற ஃபாரத்தில் இதைத் தமிழில் பெரிய எழுத்துல போடணும் என்று தோன்றியது.

அம்மாவுக்கு ஒட்டுதல் மட்டும் பிரச்சனை இல்லை. 2011 ஆபரேஷன் முடிஞ்சு ரெண்டு மாசம்கூட முழுசா ஆகலை, டிசம்பர் 30ஆம் தேதி தானே புயல். எனக்கு ஏழு வயசு. எங்க தெருவுல மரமும் கம்பமும் மொத்தமா சாய்ஞ்சு கிடந்தது ஞாபகம் இருக்கு. நாள் கணக்கா கரண்ட் இல்லை, மோட்டார் ஓடாது. அம்மா தெருமுனை கைப்பம்பிலிருந்து இடுப்பில் குடம் தூக்கிக்கிட்டு வந்தாங்க. "அப்பதான்டி உள்ள ஏதோ விட்ட மாதிரி இருந்துச்சு" என்று இப்பவும் சொல்லுவாங்க. அந்த நேர் வெட்டுத் தழும்பு விரிசல் விட்டு, இருமினால் பந்து மாதிரி புடைக்க ஆரம்பிச்சது. குடலிறக்கம். படுத்தா உள்ள போயிடும் என்பதால் பதிமூன்று வருஷம் படுத்தே சமாளிச்சாங்க.

இதுக்கு வலை வெச்சுத் தைக்கணும் என்று சர்ஜன் சொன்னதும் அம்மா சிரிச்சாங்க. "கடலூர்ல பொறந்துட்டு வயித்துக்குள்ளயும் வலையா? என்னத்தப் பிடிக்கப் போறாங்களாம்?"

இனி கொஞ்சம் மெக்கானிக்கல். (எங்க டிபார்ட்மென்ட்ல இருக்கிற ஆறு பொண்ணுங்கள்ல நான் ஒருத்தி. இதுக்காவது பிரயோஜனப்படட்டும்.) வயிற்றை மெல்லிய சுவர் உள்ள உருண்டை அழுத்தக்கலன் என்று வைத்துக்கோங்க. பலமா இருமும்போதும் குதிக்கும்போதும் உள்ளழுத்தம் சுமார் 20 கிலோபாஸ்கல் வரை போகும். சுற்றளவு 100 செ.மீ. என்றால் விட்டம் 32 செ.மீ. அழுத்தத்தை விட்டத்தால் பெருக்கி நாலால் வகுத்தால், சுவரில் ஒரு சென்டிமீட்டர் அகலத்துக்கு 16 நியூட்டன். ஒன்றரை கிலோவுக்குக் கொஞ்சம் மேலே ஒரு எடையைத் தொங்கவிட்ட மாதிரி, அவ்வளவுதான். ரெண்டாம் வருஷப் பாடத்துல வர்ற கணக்கு. இதையேதான் ஜெர்மனியின் ஆஹென் நகரத்துச் சர்ஜன்கள் 1990களில் போட்டாங்க. அதுவரை வைத்துக்கொண்டிருந்த கனமான வலைகள் தேவைக்குப் பல மடங்கு பலமாகவும், அதனாலேயே விறைப்பாகவும் இருந்தது அப்போதுதான் உறைத்தது. அதுக்கு அப்புறம் எடை குறைஞ்ச, கண்ணி பெரிசான வலைகள் வந்தன.

வலை என்றால் நிஜமாவே பின்னல் வலைதான். நம்ம வீட்டு டிபன் டப்பா, பக்கெட் எல்லாம் செய்யும் அதே பாலிப்ரொப்பிலீன், மெல்லிய ஒற்றை இழையா இழுத்துப் பின்னினது. 1958ல் அமெரிக்காவின் ஹூஸ்டனில் ஃபிரான்சிஸ் அஷர் என்ற சர்ஜன் பாலிஎத்திலீன் வலையோடு ஆரம்பிச்சு, சில வருஷத்துல பாலிப்ரொப்பிலீனுக்கு மாறினார். ஒரு டாக்டர் கொடுத்த காலாவதியான வலைத் துண்டை எங்க லேப் யு.டி.எம்.மில் மாட்டி இழுத்துப் பார்த்தேன். கிரிப்பிலிருந்து நழுவி நழுவி வந்துவிட்டது. ரெக்கார்டில் எழுத ஒரு ரீடிங்கும் இல்லை. லேப் அண்ணா திட்டினதுதான் மிச்சம்.

வலை வேலை செய்வதே ஒட்டுவதால்தான். கண்ணிக்குள்ள திசு வளர்ந்து பின்னிக்கொள்ளணும், அப்போதான் சுவர் பலமாகும். ஆனா வலைக்கு ரெண்டு பக்கம் இருக்கு. வெளிப்பக்கம் தசை, அது ஒட்டணும். உள்பக்கம் குடல், அது ஒட்டவே கூடாது. வெறும் வலையைக் குடல் மேல படும்படி வெச்சா, அது யாரு என்னன்னு பார்க்காது, குடலையும் பிடிச்சுக்கும். சிலருக்கு வருஷங்கள் கழித்துக் குடலை அரிச்சு ஓட்டை போட்டதும் உண்டு. ஒட்டாத பொருளா தேர்ந்தெடுக்கலாமே என்றால், ரெயின்கோட்டில் வர்ற கோர்-டெக்ஸ் வகை நுண்துளை டெஃப்லான் இருக்கு. குடல் அதிகம் ஒட்டாது. ஆனா தசையும் சரியா ஒட்டாது. கிருமி உள்ள போய் ஒளிஞ்சுக்கிட்டா, எடுத்துத் தூக்கிப் போடணும்.

அதனால வந்த யோசனைதான் ஒரு பக்கம் மட்டும் உறை போட்ட வலை. புடவை உவமைக்கே வர்றேன். ரெண்டு புடவைக்கு நடுவுல ஒரு வாழை இலையைப் போட்டு வைக்கிறோம். கஞ்சி காயுற வரைக்கும் இலை இருந்தா போதும், அப்புறம் அது காஞ்சு உதிர்ந்தாலும் கவலை இல்லை. இதில் என்னை அசர வெச்ச விஷயம் ஒன்று. தோலில் காயம் பட்டால் ஓரத்திலிருந்து நடுவுக்கு மெதுவா மூடும், அதனால பெரிய காயம் ஆற நாளாகும். பெரிட்டோனியம் அப்படி இல்லை. காயம் முழுக்க ஒரே சமயத்தில் புதுச் செல்கள் அங்கங்கே வந்து உட்கார்ந்து படரும். சின்னக் காயமோ பெரிய காயமோ, ஏறக்குறைய ஒரு வாரத்தில் புது உறை வந்துடும். ஆக, இலை தாங்க வேண்டியது வருஷக் கணக்கில் இல்லை, ஒன்றிரண்டு வாரம். வலை மேல என்றால் இன்னும் கொஞ்சம் கூடுதலா.

அந்த இலைக்கு எதை எதையெல்லாமோ முயற்சி பண்ணியிருக்காங்க. அதிகம் புழங்குவது கொலாஜன் படலம். மாட்டிலிருந்தோ பன்றியிலிருந்தோ எடுத்த கொலாஜனை மெல்லிய தாளா ஆக்கி, பாலியெஸ்டர் பின்னலின் உள்பக்கம் ஒட்டியிருப்பாங்க. ஈரம் பட்டதும் வழுக்கும். சுமார் மூன்று வாரத்தில் உடம்பே அதைக் கரைச்சுடும். இன்னொரு கம்பெனி அமெரிக்காவில் மீன் எண்ணெயை, ஒமேகா-3யை, வலை மேல பூசி வித்தது. இதைப் படிச்சப்போ எனக்கு ஓ.டி. துறைமுகத்து மத்தி ஞாபகம்தான் வந்தது, பெருமையாகக்கூட இருந்தது. ஆனா அந்தப் பூச்சே வீக்கத்தைக் கிளப்புது என்று அங்கே நிறைய வழக்கு நடந்திருக்கு. உயிரிலிருந்து வந்த பொருள் என்பதாலேயே உடம்புக்கு உறவாகிடாது.

எனக்கு ரொம்பப் பிடிச்சது பனிக்குடச் சவ்வு. குழந்தை அம்மா வயித்துல இருக்கும்போது அதைச் சுற்றி இருக்கிற அந்தப் பைதான். ரத்தக்குழாய் இல்லை, நரம்பு இல்லை, அடுத்தவர் உடம்பும் அதை அவ்வளவா எதிர்க்காது. மும்பை டாடா மெமோரியல் ஆஸ்பத்திரியின் திசு வங்கி 1988லிருந்து இயங்குது. தானமா வாங்குற பனிக்குடச் சவ்வை உலர்த்தி, காமா கதிரில் கிருமி நீக்கி, தீக்காயத்துக்கும் புண்ணுக்கும் மூடக் கொடுக்கிறாங்க. அதையே பாலிப்ரொப்பிலீன் வலை மேல போர்த்தி எலிகளுக்கு வைத்துப் பார்த்த சோதனைகளில் ஒட்டுதல் குறைஞ்சிருக்கு. எலிக்கு. மனுஷங்க வயிற்றுக்கு அது வழக்கமான சிகிச்சை ஆகவில்லை. இதை அம்மாவிடம் சொன்னேன். "நீ இருந்த பையை அன்னிக்கே குப்பையில போட்டுட்டாங்களேடி" என்றாங்க.

நம்ம பக்கத்துலயே கொலாஜன் வேலை நடக்குது. சென்னை அடையாறு மத்தியத் தோல் ஆராய்ச்சி நிறுவனம் தோல் கழிவிலிருந்து கொலாஜன் பிரிச்செடுத்து, புண்ணை மூடும் தாள்கள் செய்யும் வழியைக் கண்டுபிடிச்சிருக்கு. திருவனந்தபுரம் ஸ்ரீ சித்திரைத் திருநாள் நிறுவனம் பன்றியின் பித்தப்பையிலிருந்து செல்களை எல்லாம் கழுவி நீக்கி, மிச்சமிருக்கும் சட்டகத்தை மட்டும் தாளாக்கி, 'கோலிடெர்ம்' என்ற பெயரில் 2023ல் மத்திய அரசு அனுமதியும் வாங்கியிருக்கு. ரெண்டுமே தோல் புண்ணுக்கு. வயிற்றுக்குள்ள வைப்பது வேற பரீட்சை. ஆனாலும் இவ்வளவு படிச்ச பிறகு என் முடிவு உறுதியாகிவிட்டது: அம்மாவுக்குக் கொலாஜன் உறை போட்ட வலைதான்.

முதலில் விசாரிச்ச தனியார் ஆஸ்பத்திரியில் அந்த வலைக்கு மட்டும் சொன்ன விலை என் ஒரு செமஸ்டர் ஃபீஸைவிட அதிகம். அப்பா ஒன்றும் சொல்லாமல் வண்டி ஆர்.சி. புக்கை எடுத்து மேஜை மேல வைத்தார். எனக்குத் தூக்கம் போச்சு. கடைசியா சிதம்பரத்துக்கே போகலாம் என்று அத்தை சொன்னாங்க. அரசு எடுத்துக்கிட்ட பிறகும் எல்லாரும் ராஜா முத்தையா என்றே சொல்ற ஆஸ்பத்திரி. என் காலேஜிலிருந்து நடக்கிற தூரம். தினமும் சிப்காட் நாத்தத்தையும் ஆலப்பாக்கத்தையும் பி.முட்லூரையும் தாண்டி அதே பஸ்ஸில்தான் போறேன். அங்கே போய்க் கேட்க மட்டும் எனக்குத் தோன்றவில்லை.

அங்கே சர்ஜனிடம் நான் என் செல்போனில் சேர்த்து வெச்சிருந்த கட்டுரைகளை எல்லாம் காட்டினேன். "சார், காசைப் பார்க்காதீங்க, கோட்டிங் மெஷ்ஷே வைங்க." அவர் பொறுமையா எல்லாத்தையும் கேட்டார். ஒரு பிரிஸ்கிரிப்ஷன் சீட்டைத் திருப்பிப் போட்டு மூன்று கோடு போட்டார். மேல தசை. கீழ குடல். நடுவுல பெரிட்டோனியம். "நீ வலையை இங்க வைக்கச் சொல்ற" என்று குடலுக்கும் பெரிட்டோனியத்துக்கும் நடுவே பேனாவை வைத்தார். "அப்ப உறை போட்ட வலைதான் வேணும், சந்தேகமே இல்ல. நான் இங்க வைக்கலாம்னு பார்க்கிறேன்." பேனா ஒரு கோடு மேல ஏறியது. தசைக்குப் பின்னால, பெரிட்டோனியத்துக்கு முன்னால. "குடல் வலையைப் பார்க்கவே பார்க்காது. உங்க அம்மாவோட உறையே உறை."

பிரான்ஸில் ரீவ், ஸ்டொப்பா என்ற ரெண்டு சர்ஜன்கள் அறுபது, எழுபதுகளிலேயே பழக்கத்துக்குக் கொண்டு வந்த முறை அது. என் முகத்தில் ரத்தம் ஏறியது. இடைவெளியில் என்ன போடலாம் என்று மாசக்கணக்கா படிச்சவள், இடத்தையே மாத்தலாம் என்று ஒரு நிமிஷம்கூட யோசிக்கவில்லை.

"ஆனா ஒண்ணும்மா," என்றார். தொப்புளுக்குக் கீழே போகப் போகத் தசைக்குப் பின்னால் இருக்கும் கெட்டியான உறை முடிஞ்சு, வெறும் பெரிட்டோனியம்தான் மிஞ்சும். ரெண்டு தடவை திறந்த வயிறு. கிழியலாம். மூட முடியாமல் போனால் அப்போ உறை போட்ட வலை வைப்போம், தயாரா இருக்கும். "உள்ள போனாத்தான் தெரியும்."

தியேட்டருக்குள்ள மூன்றே முக்கால் மணி நேரம். அதில் முதல் ரெண்டு மணி நேரம், ஒட்டியிருந்த குடலைத் துளித்துளியா பிரிக்கவே போச்சாம். வெளிய வந்த பி.ஜி. டாக்டர் அக்காதான் சொன்னாங்க. கீழ்ப்பக்கம் உள்ளங்கை அகலத்துக்கு பெரிட்டோனியம் போதவில்லை. கோட்டிங் வலையைப் பிரிக்கச் சொல்லும் நிலைமை. அப்போதான் சர்ஜன் புடைச்சிருந்த அந்தப் பையைத் தூக்கிக் காட்டினாராம். குடலிறக்கத்தின் பை என்பதே வெளியே தள்ளப்பட்டு, இழுபட்டு இழுபட்டு விரிஞ்ச பெரிட்டோனியம்தான். வழக்கமா பலர் அதை வெட்டி எறிவாங்க. இவர் அதைத் திருப்பி மடிச்சு, குறைஞ்ச இடத்துக்கு ஒட்டுப் போட்டுத் தைச்சிருக்கார். அதுக்கு மேல சாதா பாலிப்ரொப்பிலீன் வலை. அதுக்கு மேல தசை.

தானே புயலிலிருந்து பதிமூன்று வருஷமா அம்மா புடவைக் கொசுவத்தால் மறைச்சு மறைச்சு வைத்திருந்த அந்தப் பந்து.

இனி ஒட்டாது என்று யாரும் எங்களுக்கு உத்தரவாதம் கொடுக்கவில்லை. பிரிச்ச குடல் திரும்ப ஒன்றோடொன்று ஒட்டலாம், அது வலையைப் பொறுத்த விஷயம் இல்லை. ஸ்கேனில் சரியாத் தெரியாது. அம்மா கொஞ்சம் வயித்தைப் பிடிச்சாலும் நான் கேட்கிற முதல் கேள்வி, நர்ஸுங்க கேட்டதுதான். அம்மாவுக்குக் கோபம் வரும். "காலேஜ் போற பொண்ணு கேக்குற கேள்வியாடி இது?" குடம் தூக்க இப்போதைக்குத் தடை. அப்பா தூக்குறார், பாதி வழியில சிந்திடுறார்.

டிஸ்சார்ஜ் சம்மரி இந்தத் தடவையும் இங்கிலீஷ்தான், மூணு பக்கம். வீட்டுக்கு வந்த அன்னிக்கு ராத்திரியே உட்கார்ந்து முழுசையும் தமிழில் எழுதினேன். என்ன ஆபரேஷன், எந்த இடத்தில் என்ன வலை, பழைய பை எங்கே வைத்துத் தைச்சிருக்கு, என்ன நடந்தா உடனே ஆஸ்பத்திரிக்கு ஓடணும், எல்லாம். ரெண்டு மணி நேரம் ஆச்சு. பரீட்சைக்குக்கூட நான் தமிழில் இவ்வளவு எழுதினதில்லை. பச்சை ஃபைலில் மேலாக வைத்துட்டுப் படுத்தேன்.

காலையில் பார்த்தா அம்மா மூக்குக் கண்ணாடி போட்டுக்கிட்டு அதைப் படிச்சுட்டிருந்தாங்க. கையில என் சிவப்புப் பேனா. 'ஒட்டுதள்' என்று நான் எழுதியிருந்த நாலு இடத்திலும் வட்டம் போட்டு, மேல 'ல்' என்று திருத்தியிருந்தாங்க.